பெருந்தமனியும் ரோதை முனியும்

பெருந்தமனி என்று ஒன்று என் உடம்பில் இருப்பதே அது கிழிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களுக்காவது அதற்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கும் இடம் ஆஸ்பத்திரி வராந்தா. இந்த முறை நோயாளி நான் இல்லை. என் தம்பி மோகன் உள்ளே ஒபரேஷன் தியேட்டரில் இருக்கிறான். அவனுடைய பெருந்தமனி இன்னும் கிழியவில்லை, ஆனால் கிழியும் நிலையில் வீங்கியிருக்கிறது. கிழிவதற்குள் அந்தத் துண்டை வெட்டியெடுத்து மாற்ற வேண்டும் என்று கொண்டுபோயிருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். சும்மா இருந்தால் அந்தக் கதவைப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் பெயர் சரோஜா. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதாலும் நான் அசர மாட்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம் என்று என் கணவர் செல்வம் சொல்வார். அவர் நானுஓயா ஸ்டேஷனில் ஓட்டோ ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா பிரசவத்திலேயே போய்விட்டதால் மோகனை வளர்த்தது நான்தான். அவன் நுவரெலியாவில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் எனக்கு இது வந்தது.

காம்பராவுக்குப் பின்னால் பிள்ளைகளின் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தியபோது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகுக்கு உள்ளே, ஏதோ கிழிந்தது. வலித்தது என்று சொல்வதை விட, கிழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய புடவையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் எப்படியோ அப்படி. அப்படியே குந்திவிட்டேன். வியர்வை கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். தோட்டத்து மருந்து அறையில் வாயு மாத்திரை கிடைத்தது. எங்களுக்கு நெஞ்சு வலித்தாலும் வாயு, முதுகு வலித்தாலும் வாயு, வீட்டுக்காரரோடு சண்டை போட்டுத் தலை வலித்தாலும் வாயுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் வலி முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. இடது கால் மரத்துப்போனது. அன்று மோகனுக்கு வேலை இல்லாத நாள். செல்வமும் சாப்பிட வந்திருந்தார். எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

"இது வாயு இல்லக்கா. ஒன் மொகம் சாம்பலாட்டம் இருக்கு. மாமா, ஓட்டோவ எடுங்க."

"ராத்திரிக்குள்ள சரியாயிரும்டா," என்றேன்.

"நீ பேசாம வா," என்று என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் வைத்தான்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார். ஒரு கையில் ஒன்று, மறு கையில் வேறொன்று. அவர் மறுபடியும் பார்த்தார். அதன் பிறகு யாரும் என்னிடம் சத்தமாகப் பேசவில்லை. அதுவரை என்னைக் கடந்து போனவர்கள் எல்லாரும் திடீரென்று என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் உங்களைக் கவனிக்காமல் விட்டால் சந்தோஷப்படுங்கள் என்று நான் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு அந்த டொக்டர் விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்பி, வளைந்து, முதுகெலும்பு ஓரமாக வயிறு வரை இறங்கும் பெரிய இரத்தக் குழாய்தான் பெருந்தமனி. அதன் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கில் ஒரு கிழிசல் விழுந்தால், இரத்தம் அதன் வழியாகச் சுவருக்குள் புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். வெளி அடுக்கும் உடைந்தால் அதோடு முடிந்தது. எனக்கு இதயத்துக்குப் பக்கத்திலேயே கிழிந்து, வயிறு வரை பிரிந்துபோயிருந்தது. வெளி அடுக்கு மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது இதய நோய், இரத்தக் குழாய் நோய் இருந்ததா? இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் நோயில் போனதில்லை.

அம்புலன்ஸ் மலையிறங்கியது. வளைவுக்கு வளைவு என் உடம்பு ஆடும்போதெல்லாம் மோகன் இரண்டு கைகளாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். முட்டைப் பெட்டியைப் பிடிப்பது போலப் பிடித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, சேர்ஜன் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னார். நெஞ்சைத் திறந்து, கிழிந்த முன்பகுதியை வெட்டிவிட்டு, துணியாலான குழாய் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். செய்யாவிட்டால் நாளை நான் இருக்க மாட்டேன். செய்தாலும் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. செல்வம் கையெழுத்துப் போட்டார். மோகனைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். "வெளிய போனான், வருவான்," என்றார் செல்வம். அவன் வருவதற்குள் என்னைக் கொண்டுபோய்விட்டார்கள்.

விழித்தபோது தொண்டையில் குழாய், கழுத்தில் குழாய், விலாவில் குழாய். தாகம் என்றால் என்னவென்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். உதட்டில் ஈரப் பஞ்சை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மெஷின்களின் சத்தம் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று நினைத்து, தூங்காமல் அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். சாதாரண வார்ட்டுக்கு மாற்றிய பிறகு பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா. நான் ஒவ்வொரு முறை இருமும்போதும் நெஞ்செலும்பு பிளந்துவிடும் போலிருக்கும். அவர் தன் தலையணையைத் தூக்கி என் நெஞ்சோடு அணைக்கச் சொல்லிக் காட்டி, "பய வெண்ட எப்பா நங்கி," என்பார். பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். அவர் தலையணை இல்லாமல் படுத்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் ஒபரேஷனுக்குக் காசில்லை. ஆனால் வெளியே எடுக்க வேண்டிய டெஸ்ட்டுகள், வான் கூலி, தங்குகிறவர்களின் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். செல்வம் ஓட்டோவை அடகு வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. லயத்து ஆட்கள் காசு சேர்த்துக் கொடுத்ததையும் சொல்லவில்லை. பிறகு மோகன்தான் உளறினான். அவன் வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தான். என்னால் கையை உயர்த்த முடியாததால் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவன்தான். லொறிக்குக் கயிறு கட்டுகிற மாதிரி இழுத்து இறுக்கிப் பின்னிவிடுவான். கண் இரண்டும் மேலே போய்விடும்.

"டேய், இது மரக்கறி மூட்டை இல்லடா, தல."

"அவுந்துறாதுக்கா, நானுஓயா வரைக்கும் தாங்கும்," என்பான். சிரித்தால் தையல் இழுக்கும். அதனால் அவனைத் திட்டிக்கொண்டே சிரிக்காமல் இருக்கப் பழகினேன்.

அப்போதுதான் ஒரு பெண் டொக்டர் வந்தார். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, வயது முப்பது இருக்கும். வெட்டியெடுத்த என் பெருந்தமனித் துண்டில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒபரேஷனுக்கு முன்னாலேயே சம்மதம் வாங்கியிருந்தார்களாம். செல்வம் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. இப்போது என்னிடமும் நேராகக் கேட்க வந்திருந்தார். என் உடம்பில் உதவாத துண்டு யாருக்காவது உதவட்டும் என்றேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. சில உரக்கப் பேசும், சில வாய்மூடிக் கிடக்கும். எது எவ்வளவு பேசுகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். பெருந்தமனியின் நடு அடுக்கில் தசை உயிரணுக்களும், ரப்பர் போல விரிந்து சுருங்கும் நார்களும் இருக்கின்றன. இப்படிக் கிழிந்த சுவர்களை எடுத்துப் பார்த்தால், தசையைச் சுருங்க வைக்கும் மரபணுக்கள் அடங்கிப்போயிருக்கும். நாரைக் கரைக்கும் பொருள்களைச் செய்கிற மரபணுக்கள் ஓங்கியிருக்கும். சுவர் தன்னைத்தானே தின்னத் தொடங்கியிருக்கும்.

எங்கள் தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் ஓரிடத்தில் கூட, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் உரம் போட, இன்னார் செடியை வெட்டுகிற கவ்வாத்துக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், யாரை எந்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் மாறும். என் நெஞ்சுக்குள் யாரோ தினமும் பெரட்டு வைத்து, பராமரிக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெட்டுகிறவர்களையே கூப்பிட்டிருக்கிறார்கள். எத்தனை வருடம் அப்படி நடந்ததோ, நான் பாட்டுக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"இதனாலதான் கிழிஞ்சிச்சா?" என்று கேட்டேன்.

"அத இன்னும் முழுசா சொல்ல முடியாதுக்கா. கிழியிறதுக்கு முன்னாடியே இப்படி மாறிச்சா, கிழிஞ்ச பொறகு மாறிச்சான்னு பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். பிரஷரும் ஒரு காரணம். ஆனா சில குடும்பங்கள்ல பிறப்புலயே ஒரு மரபணு பழுதா வரும். அப்படின்னா ஒங்களோட முடியாது. அதான் கேக்குறேன், வீட்டுல யாருக்கும் இப்படி நோய் இருந்திச்சா?"

"இல்லையே. மொதல்லயே சொன்னேனே."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"நானும் லயத்துல பொறந்தவதான்க்கா. நேரா கேக்குறேன். ஒங்க வீட்டுல யாரையாச்சும் முனி அடிச்சிருக்கா?"

போர்வையை இழுத்து நெஞ்சுவரை மூடிக்கொண்டேன்.

"அப்பாவ," என்றேன். "சித்தப்பாவயும்."

அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். மெஷின்களுக்குக் காவலாக எங்கள் பெக்டரி வாசலில் ரோதை முனி, அதாவது சக்கர முனி, இருக்கிறது. கல்தான், ஆனால் அதைக் கும்பிடாமல் யாரும் உள்ளே போவதில்லை. ஒரு நாள் அப்பா கும்பிட மறந்து உள்ளே போனார் என்றார்கள். கொழுந்து அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவும் அப்படியே, ஆற்றோரப் பாதையில். முனி அடித்தால் முதுகில்தான் அடிக்கும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை நோய் என்று ஒரு டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அந்த டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். சுடுதண்ணீர் போத்தலோடு மோகன் வார்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைக் காட்டினேன். அவன் தன்னைத்தான் ஏதோ விசாரிக்கிறார்கள் என்று பல்லைக் காட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் முழுதாகக் குணமானவள் இல்லை. மேலே துணிக் குழாய் வைத்துத் தைத்துவிட்டார்கள். கீழே வயிறு வரை பிரிந்த அடுக்குகள் பிரிந்தபடியேதான் இருக்கின்றன. பிரஷர் ஏறாமல், இதயம் வேகமாக அடிக்காமல் வைத்திருக்கிற மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கும் வரை அது அப்படியே கிடக்கும். நிறுத்தினால் மறுபடியும் கிழியலாம். இதை எனக்கு மட்டுமில்லாமல், செல்வத்துக்கும் மோகனுக்கும் சேர்த்தே சொல்லி அனுப்பினார்கள்.

மோகனை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவதற்குள் என் உயிர் போய் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல, மூட்ட தூக்குறவன் நெஞ்சு இது," என்று தட்டிக்காட்டுவான். அவன் தட்டும்போதெல்லாம் நான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். கடைசியில் நான் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்ததும் வந்தான். முடிவு வந்தது. அவனுடைய பெருந்தமனி என்னுடையது கிழிந்த அதே இடத்தில் பெருத்து, சுவர் மெலிந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் ஒரே மரபணுவில் ஒரே பழுது. சீக்கிரம் ஒபரேஷன் செய்ய வேண்டும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, மூச்சைப் பிடித்து எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது. அப்படி முக்கும்போது பிரஷர் சட்டென்று ஏறும், அந்த ஒரு கணம் போதும் என்று டொக்டர் பிள்ளை அவனிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது மோகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். வட்டகொடையைத் தாண்டியதும் சொன்னான்.

"மூட்டைய விட்டுர்றேன்க்கா. தேர விட முடியாது."

"எந்தத் தேருடா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. என்னை ஒபரேஷனுக்குக் கொண்டுபோன நேரத்தில் அவன் காணாமல் போனானே, ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு மரத்தடியில் மலையைப் பார்த்து நின்று ரோதை முனிக்கு நேர்ந்துகொண்டானாம். அக்கா பிழைத்தால் வருகிற திருவிழாவில் முதுகில் செடில் குத்தி, அந்தக் கயிற்றால் தேரைக் கோயிலிலிருந்து பெக்டரி வாசல் வரை தனியாக இழுத்து வருகிறேன் என்று. எங்கள் திருவிழாவில் அது பழைய வழக்கம். முதுகுத் தோலில் கொக்கிகளை மாட்டி, கயிற்றைத் தேரில் கட்டி, மேட்டில் இழுப்பார்கள். நல்ல உடம்புக்காரனே பாதி வழியில் நாக்குத் தள்ளிப்போவான்.

"அதத்தான்டா இழுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. செத்துருவ."

"இழுக்கலன்னாலும் சாவேன்க்கா. நேந்துட்டு குடுக்கலன்னா முனி விடுமா? அப்பாவுக்கு யாரும் நேரல, போயிட்டாரு. சித்தப்பாவுக்கு நேரல, போயிட்டாரு. ஒனக்கு நேந்தேன், நீ இருக்க."

சேர்ஜன்தான் காப்பாற்றினார் என்றேன். "அந்தக் கையில முனி இருந்திச்சு," என்றான். அவன் கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை. என் உயிருக்காக அவன் கொடுத்த வாக்கு, அவன் உயிரைக் கேட்டுக்கொண்டு நின்றது. என் மேல் வைத்த பாசத்தில் அவன் செத்துப்போவான் என்பதை நினைத்தால் எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

முனிக்குச் சாமியாடுகிறவர் மருதை அண்ணன். பெக்டரியில் அப்பாவோடு வேலை செய்தவர். அவருடைய பேரப்பிள்ளை என் காம்பராவில்தான் வளர்ந்தது. அந்த உரிமையில் போய்க் கேட்டேன்.

"அண்ணே, திருவிழாவுல சாமி வரும்போது, மோகனுக்கு தேரு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. வேற ஏதாச்சும் கேளுங்க. கெடா கேளுங்க, சேவல் கேளுங்க."

அவர் என் காலில் விழாத குறையாகச் சொன்னார்.

"தங்கச்சி, எனக்கும் அவன் மகன் மாதிரிதான். ஆனா சாமி வந்தா நான் எங்கம்மா இருப்பேன்? அது என்னா சொல்லுதோ அதான். பொறகு மத்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவர் நல்ல மனிதர். பொய்யாக ஆடுகிறவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஒபரேஷன் நாளுக்கு முன்னாலேயே திருவிழா வந்துவிட்டது. மோகன் விரதம் இருந்தான். நான் கெஞ்சினேன், திட்டினேன், செல்வத்தை விட்டுப் பேச வைத்தேன். டொக்டர் பிள்ளையும் போனில் பேசிப் பார்த்தார். எல்லாருக்கும் தலையாட்டினான், விரதத்தை மட்டும் விடவில்லை. விழாவுக்கு முதல் நாள் நான் மாத்திரையை நிறுத்தினேன். செல்வம் பார்த்துவிட்டு, "ஒனக்கு புத்தி பேதலிச்சிருச்சா?" என்று கத்தினார். கை ஓங்கக்கூட வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். நான் மாத்திரை அட்டைகளை மடியில் முடிந்துகொண்டேன். அன்றிரவு படுத்தால் என் நெஞ்சுத் துடிப்பு தலையணைக்குள் கேட்டது.

மறுநாள் காலை பனி விலகியதும் கோயிலடியில் தப்பு முழங்கியது. மஞ்சள் வேட்டியும் மாலையுமாக, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட மோகன் நின்றான். கொக்கிகளைத் தட்டில் வைத்திருந்தார்கள். செடில் குத்துவதற்கு முன் முனியிடம் உத்தரவு கேட்க வேண்டும். அதற்காக பெக்டரி வாசலில் இருந்து ஒரு பிடி மண்ணும் முனியின் அரிவாளும் வந்திருந்தன. மருதை அண்ணனுக்குச் சாமி வந்தது. எனக்குத் தெரிந்த முகம் அதில் இல்லை. மோகன் கைகூப்பி, "சாமி, நான் சொன்னத செய்யட்டுமா?" என்றான்.

"குடுக்கிறேன்னத குடு," என்றது முனி. வேறொரு வார்த்தையும் இல்லை.

கூட்டம் குலவையிட்டது. மோகன் திரும்பி முதுகைக் காட்டினான். அப்பா பிடித்துக்கொண்டு விழுந்த அதே இடத்தில்தான் முதல் கொக்கியை வைக்கப் போனார்கள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மடியில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து, அரிவாளுக்குப் பக்கத்தில், சுருட்டும் சாராயமும் வைத்திருந்த இலையில் வைத்தேன்.

"என் உசுருக்காகத்தான நேந்த? அந்த உசுரு எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துட்டேன். நேத்துலருந்து மாத்திர போடல. நீ தேர இழு, நான் போடாம இருக்கேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

தப்பு நின்றுவிட்டது. யாரோ "சாமி குத்தம்" என்றார்கள். மோகன் செல்வத்தைப் பார்த்தான். உண்மையா என்று கேட்கிற பார்வை. செல்வம் தலையை மட்டும் அசைத்தார்.

அவன் முகம் அப்போது போன போக்கை எழுத எனக்கு வரவில்லை. மாலையைக் கழற்றினான். இலையில் இருந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் கையில் வைத்தான். "போடு," என்றான். போட்டேன். அவன் யாரையும் பார்க்காமல் லயத்துப் பக்கம் நடந்துபோனான். அந்த வருடம் தேரை ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள்.

அதன் பிறகு தோட்டத்தில் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். மோகன் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை போட்டேனா என்று மட்டும் வந்து பார்ப்பான், பார்த்துவிட்டுப் போய்விடுவான். பெக்டரி வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டு மேட்டைச் சுற்றிப் போனான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் மெலிவதைப் பார்த்தேன். ஒபரேஷனுக்கு ஒத்துக்கொண்டதில் எனக்கு இருந்த சந்தோஷம் அதோடு போய்விட்டது. அவன் எதற்கு ஒத்துக்கொண்டான் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

இன்று காலை கேட்டுவிட்டேன். பச்சை உடுப்புப் போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"பயமா இருக்காடா?"

"இல்லக்கா. முனி என் உசுர இங்கதான் வாங்கும். தெரிஞ்சுதான் வந்தேன்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல.

"அப்பறம் எதுக்குடா வந்த?"

"நான் வரலன்னா நீ மாத்திர போட மாட்டல்ல."

ஊழியர் வண்டியைத் தள்ளத் தொடங்கினார். நானும் செல்வமும் பக்கத்திலேயே நடந்தோம். கதவருகே மோகன் சட்டென்று என் கையைப் பிடித்தான்.

"இன்னைக்கு போட்டியா?"

போடவில்லை. விடிந்ததிலிருந்து ஓடிய ஓட்டத்தில் மறந்தே போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "நில்லுங்க," என்று எழுந்து உட்காரப் போனான். ஊழியர் சிங்களத்தில் சத்தம் போட்டார். மோகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் பையைத் துழாவி மாத்திரையை எடுத்து வாயில் போட்டேன்.

"வாயத் தொற," என்றான்.

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். அவன் தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தான். பிறகு நிலையை விட்டுவிட்டு மல்லாந்து படுத்துக்கொண்டான். வண்டி உள்ளே போனது, கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் இல்லாமல் விழுங்கியதில் மாத்திரை தொண்டையிலேயே கரைந்துவிட்டது. செல்வம் தண்ணீர்ப் போத்தலை என் பக்கத்தில் வைத்திருக்கிறார். குடிக்க மனம் வரவில்லை. வாயெல்லாம் இன்னும் கசக்கிறது.